நத்தை சுமக்கும் கல்: சுங்கை சிப்புட்டில் நான்கு சனிக்கிழமைகள்

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில், ஒரு தாமானின் (வீடமைப்புக் குடியிருப்பின்) சமூக மண்டபத்தில், நான்கு சனிக்கிழமை காலைகளில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகள் 11 பேர், வயது 4 முதல் 6 வரை. கல்லை வைத்து ஒரு கைவேலை செய்ய வேண்டும் என்பதுதான் திட்டம். நடத்தியது நான், உடன் இருந்தது இரண்டு அம்மாக்கள். இவர்களைத் தவிர ஒரு பாட்டி. அவர் உதவிக்கென்று வரவில்லை. பேத்தியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மண்டபத்து அஞ்சடியில் (முன்தாழ்வாரத்தில்) காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். இந்த ஆய்வில் உள்ள நல்ல விஷயங்களில் பாதி அவரிடமிருந்து வந்தது. மீதிப் பாதி, கடைசி வரைக்கும் சாயத்தைத் தொடாத நாலரை வயதுப் பையன் ஒருவனிடமிருந்து வந்தது. அவனை இங்கே தம்பி என்றே குறிப்பிடுகிறேன்.

பாலர் வகுப்புகளில் கல் ஓவியம் இப்போது எல்லா இடத்திலும் நடக்கிறது. செலவு குறைவு, செய்வது சுலபம், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் பெரும்பாலும் அது கல்லை மறைக்கிற வேலையாக முடிந்துவிடுகிறது. என் முதல் வாரமும் அப்படித்தான் முடிந்தது. அதை எப்படித் திருத்தினோம் என்பது மற்ற ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள், இப்போது பெரும்பாலும் செம்பனை. மலேசிய இந்தியர்களின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் பணத்தைச் சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காக 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டதை இங்குள்ள பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். ஆனாலும் காலப்போக்கில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து (வரிசை) வீடுகள் குறைந்து, குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு வந்துவிட்டன. இந்த 11 பிள்ளைகளில் ஒருவர்கூடத் தோட்டத்தில் பிறந்தவர் இல்லை. வீட்டு வாசல் சிமெண்டு, பள்ளித் திடலும் பாதி சிமெண்டு. அஞ்சாங்கல் ஆடத் தெரியுமா என்று கேட்டேன். இரண்டு பேர் தெரியும் என்றார்கள், கைப்பேசியில் பார்த்ததாக.

கிழக்கே திதிவாங்சா மலைத்தொடர், கருங்கல். அதன் வயது ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகள். அங்கிருந்து பிளஸ் ஆறு இறங்கி வருகிறது. தெற்கே ஈப்போ பக்கமும் மேற்கே பாடாங் ரெங்காஸ் பக்கமும் செங்குத்தாக நிற்பவை சுண்ணாம்புக்கல் மலைகள். இவை கருங்கல் மலையைவிடவும் பழையவை. கடலுக்கடியில் சிப்பிகளும் பவளங்களும் மற்ற சிற்றுயிர்களும் விட்டுச்சென்ற கூடுகள் படிந்து இறுகி உண்டானவை. ஆக, ஒரே பட்டணத்தில் நெருப்பில் பிறந்த கல்லும் இருக்கிறது, கடலில் பிறந்த கல்லும் இருக்கிறது. இன்னொன்று, சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. ஊர்ப் பெயரிலேயே நத்தை ஊர்கிறது. முதல் வாரம் இது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

முதல் சனிக்கிழமை: பத்துப் பொறிவண்டுகள்

செடிக்கடையில் மூட்டையாக விற்கும் வெள்ளைப் பளிங்குக் கற்களை வாங்கினேன். சிவப்பு, கறுப்பு, மஞ்சள் போஸ்டர் கலர். மேசை நடுவில் நானே வரைந்த ஒரு பொறிவண்டை மாதிரிக்கு வைத்தேன். சிவப்பு முதுகு, கறுப்புப் புள்ளி, இரண்டு பெரிய கண்.

20 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பத்துப் பிள்ளைகள், பத்துப் பொறிவண்டுகள். பார்க்க அழகாகத்தான் இருந்தன. காய்ந்த பிறகு, “அவங்கவங்க கல்லை எடுங்க” என்றேன். யாருக்கும் எது தன்னுடையது என்று தெரியவில்லை. அடியில் பெயர் எழுதி வைத்திருந்ததால் பிரித்துக் கொடுக்க முடிந்தது. வீட்டுக்குப் போய் இதைத்தான் நெடுநேரம் யோசித்தேன். தன் கையால் செய்ததை ஒரு குழந்தைக்கு அடையாளம் தெரியவில்லை என்றால், அதில் அந்தக் குழந்தை எங்கே இருக்கிறது?

பதினோராவது பிள்ளை தம்பி. அவன் தூரிகையை எடுக்கவே இல்லை. பிரஷ் கழுவ வைத்திருந்த குவளையில் கல்லை முக்கி எடுத்து, சிமெண்டுத் தரையில் வைத்து, அது காய்வதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். காய்ந்ததும் மறுபடி முக்கினான். தண்ணீர் சிந்துகிறது என்று குவளையை அவனிடமிருந்து நகர்த்தி வைத்தேன். அன்று அந்த அறையில் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். அவன் கையிலிருந்து கல்லைப் பிடுங்கியது போலத்தான் நான் செய்தேன். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

பொறிவண்டுகளை மண்டபத்து வெளியே மரத்தடியில் வரிசையாக வைத்தோம். மேலே வெள்ளைப் பசை பூசியிருந்தேன், பளபளப்பாகவும் இருக்கும், சாயமும் நிற்கும் என்று. அது அக்டோபர் மாதம். மேற்குக் கரையில் இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவே வரும் மாதம், சாயங்காலமானால் இடியோடு மழை. திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன். பசை பால் போல வெளுத்து, தோலாக உரிந்து கிடந்தது. சிவப்புச் சாயம் கால்வாயில் கோடாக ஓடிப் போயிருந்தது. போஸ்டர் கலர் தண்ணீரில் கரைவது. வெள்ளைப் பசையும் காய்ந்தால் கெட்டியாகத் தெரியுமே தவிர, ஈரம் பட்டால் மறுபடி இளகிவிடும். வெளியில் வைக்கிற கல்லுக்கு அக்ரிலிக்தான் வேண்டும். ஈரமாக இருக்கும்போது கையில் பட்டால் தண்ணீரில் போகும், காய்ந்துவிட்டால் மழைக்கு அசையாது. அதன் மேல் வார்னிஷ் அடிப்பதைப் பெரியவர்கள், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், காற்றோட்டமான இடத்தில் செய்துவிட வேண்டும்.

சாயம் போன கற்கள் மட்டும் மரத்தடியில் சுத்தமாக, வெள்ளை வெளேரென்று கிடந்தன. அப்போதுதான் முடிவு செய்தேன், அடுத்த வாரம் சாயமே கிடையாது என்று.

இரண்டாம் சனிக்கிழமை: ஈரக்கல், காய்ந்த கல்

இந்த முறை ஆற்றுக் கல்லும் வேண்டும் என்று நினைத்தேன். பிள்ளைகளைக் கூட்டிப் போகவில்லை, நானும் ஒரு அம்மாவும் வியாழக்கிழமை போய் ஒரு வாளி மட்டும் எடுத்து வந்தோம். ஆற்றோர மண்ணிலும் தேங்கிய நீரிலும் எலியின் சிறுநீர் கலந்தால் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் வரலாம், காலில் சிறு கீறல் இருந்தாலே போதும். அதனால் ரப்பர் காலணி, கையுறை. கல்லைப் புரட்டும்போது, நமக்கு எதிர்ப்பக்கத்து விளிம்பைத் தூக்க வேண்டும். அடியில் தேளோ பூரானோ இருந்தால் நம்மை விட்டு அந்தப் பக்கமாக ஓடும். நீருக்குள் கிடந்த கற்களைத் தொடவில்லை, அவற்றின் அடியில் பூச்சிகளின் குஞ்சுகள் குடியிருக்கும். கரையில் காய்ந்து கிடந்தவற்றை மட்டும் எடுத்தோம். வீட்டில் சவர்க்காரம் போட்டுப் பிரஷால் தேய்த்து, ஒன்றரை நாள் வெயிலில் வைத்தோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று ஆற்றுக் கல்லை அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைக்கவே கூடாது. உள்ளே வெடிப்புகளில் தங்கியிருக்கும் நீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் போனால் கல் வெடித்துச் சிதறும். ஒரு அப்பா, “கேஸ் அடுப்புல ரெண்டு நிமிசம் காட்டட்டா, டீச்சர்?” என்று கேட்டார். நல்லவேளை, செய்வதற்கு முன்னால் கேட்டார்.

அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. கழிவறைத் தாளின் நடு அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதுவும் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும். எங்கள் பிள்ளைகள் அதைவிடப் பெரியவர்கள்தான். ஆனால் தம்பி தங்கைகள் வீட்டில் இருக்கிறார்களே. குழாய்க்குள் விழுந்த கல்லை எல்லாம் கழித்துவிட்டோம்.

அன்று காலை தரையில் ஒரு பெரிய தட்டு, பாதி தண்ணீர். பக்கத்தில் கற்கள். நான் எதுவும் சொல்லாமல் தம்பியைப் பார்த்தேன். அவன் நேராக வந்து ஒரு கல்லை முக்கினான். சாம்பலாக இருந்த கல் கறுத்து, அதில் வெள்ளைப் புள்ளியும் இளஞ்சிவப்புப் புள்ளியும் எழுந்து வந்தன. பக்கத்தில் இருந்தவள் தானும் ஒன்றை முக்கினாள். ஐந்து நிமிடத்தில் 11 பேரும் தட்டைச் சுற்றி இருந்தார்கள்.

காய்ந்த கல்லின் மேல்பரப்பு நுணுக்கமாகச் சொரசொரப்பாக இருப்பதால் ஒளி நாலாபக்கமும் சிதறி, எல்லாம் வெளிறித் தெரிகிறது. நீர்ப் படலம் அந்தச் சொரசொரப்பை நிரப்பும்போது சிதறல் குறைந்து ஒளி உள்ளே போகிறது, கல்லின் சொந்த நிறம் வருகிறது. பிள்ளைகளிடம் இவ்வளவு சொல்லவில்லை. “தண்ணி பட்டா கல்லு முழிச்சுக்குது” என்றாள் ஒருத்தி, அதுவே போதுமானதாக இருந்தது.

பூதக்கண்ணாடி கொடுத்தோம். கருங்கல்லில் கண்ணாடிச் சில்லு போல இருப்பது படிகக்கல், வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ கட்டி கட்டியாக இருப்பது களிமக்கல் (ஃபெல்ட்ஸ்பார்), கறுப்பாக மின்னுவது காக்காப்பொன். பிள்ளைகள் சீனி, பல், ஜிகினா என்று பெயர் வைத்தார்கள். பூமிக்கு அடியில் கொதித்த குழம்பு மெல்ல மெல்ல ஆறியதால்தான் இந்த மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்தன. சட்டென்று ஆறியிருந்தால் இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்காது. பாகு மெதுவாக ஆறினால் கற்கண்டு பெரிதாகக் கட்டுவதை அம்மாக்களில் ஒருவர் எடுத்துச் சொன்னார், நல்ல உவமை அது. முதல் வாரம் 20 நிமிடத்தில் எழுந்தவர்கள் அன்று ஒரு மணி நேரம் ஆகியும் எழுந்திருக்கவில்லை.

பிறகு எலுமிச்சைச் சாறு. ஆற்றுக் கருங்கல்லில் ஒரு துளி, ஒன்றும் நடக்கவில்லை. செடிக்கடை வெள்ளைக் கல்லை ஆணியால் கீறி, அந்தத் தூளின் மேல் ஒரு துளி விட்டோம். பொங்கிக் குமிழ் வந்தது. காதருகில் வைத்தால் மெல்லிய சத்தமும் கேட்கும். வினிகர் விட்டாலும் இது தெரியும். புளிப்பு, சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் கரியமில வாயுவாக வெளியேற்றுகிறது. பளிங்கும் சுண்ணாம்புக்கல்தான், பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து மாறியது. “பொங்குற கல்லு ஒரு கூடை, பொங்காத கல்லு ஒரு கூடை” என்று அவர்களாகவே பிரித்தார்கள்.

அஞ்சடியில் இருந்த பாட்டி அப்போதுதான் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா டீச்சரு, சுண்ணாம்புக் கல்லா அது?”

ஆமாம் என்றேன். பாட்டி வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக் காட்டினார். “இந்தக் கல்ல சுட்டாத்தான் இது. எங்க அப்பாயி காலத்துல கிளிஞ்சல சுடுவாங்களாம். ரெண்டும் ஒண்ணுதான்.” டப்பாவின் விளிம்பில் சுண்ணாம்பு காய்ந்து கெட்டியாகியிருந்தது. அதில் கொஞ்சம் சுரண்டி ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டோம், அதுவும் பொங்கியது. காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு சுண்ணாம்பு மெல்ல மெல்ல மறுபடியும் கல்லாகிறது என்பதுதான் காரணம். பாட்டிக்கு வேதியியல் பெயர்கள் தெரியாது. ஆனால் கல், கிளிஞ்சல், சுண்ணாம்பு மூன்றும் ஒன்று என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் அன்று பாடத்தை அங்கேயே அவரிடம் கொடுத்துவிட்டேன்.

அவர் மஞ்சள் தூளைக் குழைத்து, அதில் ஒரு துளி சுண்ணாம்பைத் தன் விரலால் கலந்தார். மஞ்சள் சிவந்தது, ஆரத்தி நிறம். அதன் மேல் எலுமிச்சையைப் பிழிந்தால் மறுபடி மஞ்சள். இதைப் பிள்ளைகள் எத்தனை முறை செய்யச் சொன்னார்கள் என்று எண்ணவில்லை. சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். அதனால் அதைத் தொட்டது பாட்டியின் விரல் மட்டும்தான், டப்பா உடனே மூடப்பட்டது. இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் அந்த ஒழுங்கைத் தளர்த்த வேண்டாம்.

கிளம்பும்போது பேத்தி கேட்டாள்: “டீச்சர், நத்தை ஓட்டுல எலுமிச்சை ஊத்துனா பொங்குமா?”

மூன்றாம் சனிக்கிழமை: மைலோ டின்னில் வந்த விருந்தாளி

வெள்ளி இரவு மழை. சனிக்கிழமை காலை பேத்தி ஒரு மைலோ டின்னோடு வந்தாள், உள்ளே கைப்பிடி அளவு ஆப்பிரிக்க நத்தை. பெரிதாக, பழுப்புக் கோடுகளோடு, மழை விட்டால் நம் வீட்டுச் சுவரில் ஏறுகிற அதே இனம். இந்த நத்தையின் உடலில் எலியிலிருந்து வரும் ஒரு நுரையீரல் புழு இருக்கலாம். அது மனிதருக்குள் போனால் மூளையைச் சுற்றி அழற்சி உண்டாக்கும். அதனால் கையால் தொடக் கூடாது, தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கையுறை போட்டு எடுத்து, ஒரு தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடினேன். டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் நத்தையின் அடிவயிறு தெரியும். வாலிலிருந்து தலைப்பக்கமாகக் கறுப்பு அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும், அந்த அலையால்தான் அது நகர்கிறது. பிள்ளைகள் தரையில் மல்லாக்கப் படுத்துப் பார்த்தார்கள்.

உயிருள்ள நத்தையின் மேல் புளிப்பை ஊற்ற மாட்டோம் என்று முதலிலேயே சொன்னேன். வேலியோரம் கிடந்து வெளுத்த காலி ஓடு ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். அதில் சாறு விட்டதும் பொங்கியது. நத்தை தின்னும் இலையிலும் மண்ணிலும் கல்லிலும் இருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துத்தான் ஓட்டைக் கட்டுகிறது. நத்தை வளர்ப்பவர்கள் முட்டை ஓடு போடுவது அதற்காகத்தான். பேரா சுண்ணாம்பு மலைகளில் நத்தை இனங்கள் இவ்வளவு நிறைய இருப்பதற்கும் அதுவே காரணம். சில இனங்கள் ஒரே ஒரு மலையில் மட்டும் வாழ்கின்றன. பகாங்கில் புக்கிட் பாஞ்சிங் என்ற மலையைக் கல்லுக்காக வெட்டித் தீர்த்தபோது, அங்கே மட்டும் இருந்த ஒரு குட்டி நத்தை இனமும் அழிந்தது.

“அப்படின்னா நத்தை கல்லத்தான் தூக்கிட்டுப் போகுதா?” என்றான் ஆறு வயதுக்காரன் ஒருவன். ஆமாம் என்றேன். என்ன செய்யப் போகிறோம் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நத்தை ஊரில் நத்தை.

உடலுக்கு என்ன பொருள்? அந்த வாரத் தொடக்கத்திலேயே உப்பு மாவு பிசைந்து வைத்திருந்தேன், இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு உப்பு. குளிர்நாட்டுச் செய்முறை. நம் ஊர் ஈரக் காற்றில் உப்பு தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கிறது, அதனால் மாவு காயவில்லை, மூன்றாம் நாள் இன்னும் பிசுபிசுத்தது. விட்டுவிட்டேன். கோல கங்சார் சாயோங் பக்கம் மண்பாண்டம் செய்பவரிடம் களிமண் கேட்டு வாங்கினேன். லாபு சாயோங் என்று சுரைக்காய் வடிவில் கறுப்பாக இருக்கிற தண்ணீர்க் கூஜா அங்கேதான் செய்கிறார்கள். சூளையிலிருந்து சூடாக எடுத்து நெல் உமியில் புதைப்பதால் அந்தக் கறுப்பு வருகிறது. பிள்ளைகளில் மூன்று பேர் வீட்டில் அந்தக் கூஜா இருந்தது.

செய்முறையில் ஒரே ஒரு நுணுக்கம், அதைத் தவறவிட்டால் எல்லாம் வீண். களிமண் காயும்போது சுருங்கும், கல் சுருங்காது. கல்லை மண்ணில் பதித்து அப்படியே காயவிட்டால் மண் வெடிக்கும். அதனால் விரல் நீளத்துக்கு மண்ணை உருட்டி, ஒரு முனையைத் தலையாக நிமிர்த்தி, முதுகில் கல்லை அழுத்திப் பள்ளம் உண்டாக்கி, கல்லை எடுத்துவிட வேண்டும். நிழலில் மூன்று நான்கு நாள் காய்ந்த பிறகு கல்லை அந்தப் பள்ளத்தில் உட்கார வைத்தால் போதும். பசை தேவையில்லை. பிள்ளைகள் கல்லை எடுத்து வேறு கல்லை வைத்து விளையாடுகிறார்கள், நத்தைக்கு வீடு மாற்றுகிறார்கள். ஒட்டியிருந்தால் இது நடந்திருக்காது. சுடாத மண் மழையில் கரையும், ஆகவே இந்த நத்தை வீட்டுக்குள் வாழ்கிற நத்தை.

கண்ணில் ஒரு பிரச்சினை வந்தது. முதல் வாரப் பொறிவண்டுக்கு இரண்டு பெரிய கண் வரைந்தோமே, பாட்டிக்கு அது அப்போதே பிடிக்கவில்லையாம். இப்போது சொன்னார்: “கல்லுக்குக் கண்ணு வெச்சிட்டா அது சும்மா கல்லு இல்லம்மா. அப்புறம் தூக்கி எறிய மனசு வராது.” தோட்டத்தில் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து முனியாண்டி என்று கும்பிட்டு வளர்ந்தவர். அவர் சொன்னதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கல்லை மதிக்கச் சொல்கிற பேச்சு அது. நத்தையின் கண் அதன் ஓட்டில் இல்லை, மேல் கொம்பு இரண்டின் நுனியில் இருக்கிறது. கீழ்க்கொம்பு இரண்டும் தடவிப் பார்க்கவும் மோப்பம் பிடிக்கவும். தென்னை ஈர்க்கை நறுக்கி மண் தலையில் நான்காகச் செருகினோம், நெடியது இரண்டு, குட்டை இரண்டு. நெடியதன் நுனியில் கரிப்புள்ளி. கல்லில் கண் வைக்கவில்லை, பாட்டிக்கு நிம்மதி. உயிரியலும் சரியாக அமைந்துவிட்டது.

ஓட்டில் என்ன வரைவது? சுருள். சாயத்தை மேசைக்குக் கொண்டுவந்தது இப்போதுதான், அதுவும் ஒரே நிறம். பாட்டி ஊறவைத்த பச்சரிசியை அரைத்து மாக்கோல மாவாகக் கொண்டுவந்திருந்தார். கருங்கல்லில் வெள்ளை மாவு அப்படி எடுத்துக் காட்டியது. விரல் நுனியை முக்கி, நடுவில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து சுற்றிக்கொண்டு வெளியே வர வேண்டும். எந்தப் பக்கம் சுற்றுவது என்ற கேள்வி வந்தது. காலி ஓட்டின் நுனியை மேலிருந்து பார்த்தோம். பெரும்பாலான நத்தைகளின் ஓடு நுனியிலிருந்து கடிகார முள் போகிற திசையில் வளர்கிறது. “கோயில் சுத்துற பக்கம்!” என்று பேத்தி கத்தினாள். அதன் பிறகு நான் எதுவும் சொல்லித் தரத் தேவைப்படவில்லை.

நாலு வயதுக்காரர்களுக்குச் சுருள் இலகுவாக வராது. ஒரு குழந்தைக்குக் கோடு பாதியில் திரும்பி, மேலே ஏறி, பக்கவாட்டில் இறங்கிவிட்டது. அழ ஆரம்பித்தாள். அப்போது கைப்பேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். ஈப்போ பக்கத்தில் குனோங் ராப்பாட் சுண்ணாம்பு மலையில் கண்டெடுத்து, 2008-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான நத்தை அது, பெயர் ஒபிஸ்தோஸ்டோமா வெர்மிகுலும். உயரம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். பெரும்பாலான நத்தைகள் ஒரே அச்சைச் சுற்றிச் சுருளும்போது, இதன் ஓடு நான்கு வெவ்வேறு அச்சில் திரும்பித் திரும்பி, அவிழ்ந்த கயிறு போல வளர்கிறது. நம் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம் போனால் வருகிற மலையில்தான் அது இருக்கிறது என்றேன். அவள் படத்தையும் தன் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் மற்றவர்கள் எல்லாம் அவளைப் போல வரைய முயன்றார்கள்.

நான்காம் சனிக்கிழமை

மண் காய்ந்திருந்தது. மொத்தம் பத்து நத்தைகள், இரண்டில் சிறு வெடிப்பு. எல்லாவற்றையும் கலந்து வைத்து, “அவங்கவங்க நத்தைய எடுங்க” என்றேன். ஒரு நொடிகூடத் தயங்காமல் எடுத்தார்கள். “என்னுது ஜிகினா நெறைய இருக்குறது”, “என்னுது பல்லு விழுந்த கல்லு” என்று காரணமும் சொன்னார்கள். முதல் வாரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இதில்தான் தெரிந்தது. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். சாயத்துக்கு முன்னால் கல்லோடு ஒரு முழுக் காலை இருந்திருக்கிறார்கள், சாயமும் கல்லை மூடவில்லை.

தம்பி நத்தை செய்யவில்லை. களிமண்ணைத் தொட்டான், விரலில் ஒட்டியது பிடிக்காமல் துடைத்துவிட்டான். கோல மாவும் வேண்டாம் என்றான். பெரிய தட்டையான கருங்கல் ஒன்றையும், ஒரு குவளைத் தண்ணீரையும், புதுத் தூரிகையையும் அவன் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தேன். தண்ணீரால் கல்லில் ஒரு கோடு இழுத்தான். கறுப்புக் கோடு. அது ஓரத்திலிருந்து மறைந்துகொண்டே வந்தது. முழுதும் மறைந்ததும் இன்னொன்று. பிறகு ஒரு சுருள், கோயில் சுற்றுகிற பக்கம். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை, மூன்றாம் வாரம் மற்றவர்கள் செய்ததைத் தள்ளி நின்று பார்த்திருக்கிறான். வீட்டுக்குக் கொண்டுபோக அவனிடம் எதுவும் இல்லை. இது அவன் அம்மாவுக்கு முதலில் வருத்தமாக இருந்தது. கல்லையே கொடுத்து அனுப்பினேன்.

மீண்டும் செய்யும்போது இரண்டை மாற்றுவேன். கல்லை எண்ணி எடுப்பேன். ஒரு வாளி அதிகம், ஒரு பிள்ளைக்கு மூன்று போதும், மிஞ்சியதைத் திரும்ப ஆற்றங்கரையில் கொண்டுபோய் வைக்க எங்களுக்கு இன்னொரு நாள் ஆனது. தட்டுத் தண்ணீரை அன்றன்றே கவிழ்க்க ஒருவரை நியமிப்பேன். இரண்டாம் வாரம் மறந்துபோய் மூன்று நாள் நின்றது, கொசு முட்டையிட அதுவே போதும். மற்றபடி வரிசை இதேதான்: முதலில் தண்ணீர், அப்புறம் எலுமிச்சை, அப்புறம் உயிருள்ள நத்தையைப் பார்ப்பது, கடைசியில் ஒரே ஒரு நிறம். மாதிரி எதையும் மேசையில் வைக்க மாட்டேன். வீட்டில் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், அழைப்பை முதலில் அவர்களுக்குத்தான் கொடுப்பேன்.

மைலோ டின் நத்தையை என்ன செய்வது என்பதில் பேச்சு நடந்தது. தோட்டப் பயிருக்கு அது கேடு, யாரும் விட்டுவிடச் சொல்லவில்லை, கொல்லச் சொல்லவும் மனமில்லை. பாட்டி, ரப்பர்ப் பால் வெட்டிய காலத்தில் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) ஏறிப் பாலைக் குடித்துக் கிடந்த நத்தைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே டின்னை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுபோய் மூடி போட்ட தொட்டியில், முட்டை ஓட்டோடு வைத்திருப்பதாகப் பேத்தி அடுத்த வாரம் சொன்னாள்.

தம்பியின் அம்மா அனுப்பிய குரல் செய்தி இரண்டு நாள் கழித்து வந்தது. வாசல்படியில் கல்லை வைத்து, சாயங்காலம் குவளையும் தூரிகையுமாக உட்கார்ந்துவிடுகிறானாம். மழை வந்தால் மட்டும் தூரிகையை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, கல்லை வெளியிலேயே விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறானாம்.